டாட்ஜர்ஸ் ரசிகர் மரபில் முழங்கை நோவும் உட்கள மாற்றமும்: ஓர் ஆய்வு

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களிடையே ஒரு நூற்பா வழங்கிவருகிறது. இயற்றியவர் யாரென்று தெரியாது. காலம் தெரியாது. எழுத்தில் எங்கும் கிடையாது. ஆய்வுக்கு இதைவிடத் தோதான பொருள் அமையாது என்பதால் எடுத்துக்கொண்டேன்.

எறிவோன் முழங்கை இறுகிற்று என்னின்
உட்களம் மாற்றல் ஒழியா வழக்கே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பிட்சருக்கு முழங்கையில் வலி என்று மாலையில் செய்தி வந்தால், ஷார்ட்ஸ்டாப்பில் நிற்பவரை வேறிடத்துக்கு நகர்த்துவது பற்றி ரசிகர்கள் இரவுக்குள் பேசி முடித்திருப்பர் என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'நோவு ஓரிடத்தில், பத்துப் போடுவது வேறிடத்திலா?' என வினவும் மாணாக்கர்க்கு விடை கூறவே இக்கட்டுரை எழுந்தது. வினவாத மாணாக்கர்க்கும் கூறப்படும்.

களம் அறியாதார்க்குச் சில சொற்கள். பந்தை எறிபவர் பிட்சர். அவருக்குப் பின்னும் பக்கத்திலுமாக ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ் என்று மூன்று பேர். செகண்டுக்கும் தேர்டுக்கும் இடையே ஷார்ட்ஸ்டாப் என்று ஒருவர். இந்த நால்வர் காப்பது உட்களம். தரையோடு சீறி வரும் பந்துகளில் பெரும்பங்கு ஷார்ட்ஸ்டாப்பிடம்தான் போகும். அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிய வேண்டிய தூரமும் நீளம். ஆகவே நால்வரில் கடினமான இடம் அதுவே. ரசிகர்கள் ஆள் மாற்ற ஆசைப்படும் இடமும் அதுவே.

நூற்பாவின் உட்கிடை எளிது. பிட்சரின் முழங்கை மருத்துவர் வசம் இருக்கிறது. ரசிகர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தசைநாரைத் தைக்க முடியாது. ஆனால் செகண்ட் பேஸில் நிற்பவரைத் தேர்டுக்கு நகர்த்த ஒரு பென்சில் போதும்.

நோவின் வகை

முழங்கை: இதன் ஆதிநூல் 1974. அவ்வாண்டு டாட்ஜர்ஸின் இடக்கைப் பிட்சர் டாமி ஜானின் முழங்கைத் தசைநார் அறுந்தது. செப்டம்பர் 25 அன்று டாக்டர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலது முன்கையிலிருந்து ஒரு நாணை எடுத்து இடது முழங்கையில் கோத்தார். மீண்டும் எறிய நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். 1975 முழுக்க ஜான் ஆடவில்லை. 1976-இல் திரும்பினார், 1989 வரை எறிந்தார், அறுவைக்குப் பின் மட்டும் 164 வெற்றிகள். அந்த அறுவையை இன்றும் நோயாளியின் பெயரையே வைத்து அழைக்கிறார்கள், மருத்துவர் பெயரை அல்ல. ஆராய்ச்சி உலகில் இது நடவாது. அங்கே தகவல் கொடுத்தவரின் பெயர் நன்றியுரையிலும் வராது.

தோள்: இதைப் பற்றி ரசிகர்கள் தணிந்த குரலில்தான் பேசுவர்.

கால் பெருவிரல்: கிளேட்டன் கெர்ஷா, 2024.

இனி வருவது சிக்கலானது. 2024 ஜூலையில் டஸ்டின் மே என்ற பிட்சர், முழங்கை அறுவையிலிருந்து தேறிவந்துகொண்டிருந்தார். அரிசோனாவில் ஒரு நாள் இரவு உணவில் சாலட் சாப்பிட்டார். லெட்யூஸ் இலை ஒன்று தொண்டையில் சிக்கியது. தண்ணீர் குடித்து இறக்கப் பார்த்தார். உணவுக்குழாய் கிழிந்தது. அவசர அறுவை நடந்தது. அந்தப் பருவமே போயிற்று. மறு ஆண்டு அவர் நலமாகத் திரும்பி எறிந்தார் என்பதால் இதை ஆராய நமக்குத் துணிவு வருகிறது.

இதை எவ்வகையில் அடக்குவது? பொருளிலக்கண நெறிப்படி, தசைநார் தானே அறுந்தால் அது அகம். 2022-இல் கிறிஸ் சேல் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாரே, அது புறம். 2016-இல் டிரெவர் பவர் தன் டிரோனைப் பழுதுபார்க்கப் போய்ச் சுண்டுவிரலை வெட்டிக்கொண்டது, யாரும் கேட்காமல் போய் வாங்கி வந்தது ஆதலின், புறப்புறம். 2006-இல் டெட்ராய்ட் அணியின் ஜோயல் சுமாயா வீடியோ விளையாட்டில் பொம்மைக் கித்தார் வாசித்தே முன்கையை வீங்கவைத்துக்கொண்டார். இது கலை வழி வந்தது என்று முத்தமிழில் சேர்ப்பாரும் உளர். அது பொருந்தாது, வாசித்த கருவியில் நரம்பு இல்லை. லெட்யூஸோ வெளியிலிருந்து வந்து உள்ளே வினை செய்தது. எனவே அகப்புறம் என்க. அற்றேல், உண்ட உணவு எல்லாம் வெளியிலிருந்து வருவதுதானே, வயிற்று வலியும் அகப்புறமோ எனின், அன்று; வயிற்று வலியோடு எறிந்த பிட்சர் பலர். 'இலை மென்மையானது, அது கிழித்திராது. குற்றம் தண்ணீரினுடையது' என்று ஒரு சாரார் வாதிப்பர். அவர்கள் கீரை விற்பவர்களா என்பது ஆராயத்தக்கது. 'கிழிந்தது குழாய், அதை அழுத்தியது தொண்டை, இலை வெறும் நிமித்தம்' என்பது தத்துவ மரபினர் கருத்து. நிமித்தத்துக்கு விலை ஒரு முழுப் பருவம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம்.

நோவை அறிவிக்கும் முறையிலும் படிநிலை உண்டு. 'லேசான இறுக்கம்' என்றால் பதினைந்து நாள். 'முன்னெச்சரிக்கையாக ஸ்கேன்' என்றால் இரண்டு மாதம். 'இன்னொரு மருத்துவரையும் பார்க்கிறார்' என்றால் அடுத்த ஆண்டு. 'நன்றாக இருக்கிறார், கவலையில்லை' என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னால், உடனே உட்களத்தை மாற்றத் தொடங்கலாம்.

காரணம் என்ன என்று உண்மையான ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. எல்லாப் பந்தையும் முழு வேகத்தில் எறியச் சொல்வதே கையைக் கெடுக்கிறது என்பது அதன் சாரம். 2008-இல் மணிக்கு 91 மைலாக இருந்த ஃபாஸ்ட்பால் சராசரி 2024-இல் 94-ஆகிவிட்டது. இதைக் கண்டறியப் பலரைப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் பீர் குடித்துக்கொண்டிருப்பவரைக் கேட்டிருந்தால் இரண்டாவது இன்னிங்ஸுக்குள் சொல்லியிருப்பார்.

உட்களம்

கையில் ஏழு பேர் இருந்தால் நான்கு இடங்களில் அவர்களை 840 விதமாக நிறுத்தலாம். இவ்வளவும் பேசித் தீர்க்கப்பட வேண்டியவை. பருவமோ ஆறு மாதம்தான். பொழுது போதாமையே ரசிகரின் தலையாய துன்பம். தோல்வி எல்லாம் பிறகு.

2023-இல் ஷார்ட்ஸ்டாப் கேவின் லக்ஸ் என்று முடிவாயிற்று. பயிற்சி முகாமிலேயே அவர் முழங்கால் போயிற்று. 2024-க்கும் அவரே என்றார்கள். இம்முறை முழங்கால் இருந்தது. ஆனால் அவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிந்த பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போகவில்லை. சியோலில் முதல் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு லக்ஸ் செகண்டுக்கு மாறினார். செகண்டுக்கு என்று வைத்திருந்த மூக்கி பெட்ஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்தார். பெட்ஸ் யார்? வலப்புற வெளிக்களத்தில் ஆறு முறை தங்கக் கையுறை விருது வாங்கியவர். ஆடத் தெரிந்த இடத்திலிருந்து எடுத்து, ஆடிப் பழகாத இடத்தில், அதுவும் கடினமான இடத்தில் நிறுத்தினார்கள். ரசிகர் ஒருவர் சொல்லியிருந்தால் பைத்தியம் என்றிருப்போம். நிர்வாகம் செய்ததால் திட்டம் ஆயிற்று. ஜூன் 16 அன்று பந்து பட்டு அவர் இடது கை எலும்பு முறிந்தது; ஆகஸ்டில் திரும்பியபோது பழையபடி வெளிக்களத்துக்கே போனார். 2025-இல் மறுபடி ஷார்ட்ஸ்டாப்.

இதற்கு முன்வழக்கு உண்டா என்றால், உண்டு. ஸ்டீவ் கார்வி, டேவி லோப்ஸ், பில் ரஸ்ஸல், ரான் சே என்ற நால்வர் 1973 முதல் 1981 வரை டாட்ஜர்ஸ் உட்களத்தைக் காத்தனர். அவ்வளவு காலம் சேர்ந்து நின்ற உட்களம் பேஸ்பாலில் வேறில்லை. நிலைபேற்றுக்கு இலக்கணமாக மூத்த ரசிகர்கள் இவர்களையே காட்டுவர். ஆனால் ரஸ்ஸலும் லோப்ஸும் வெளிக்களத்திலிருந்து உள்ளே இழுத்துவரப்பட்டவர்கள். கார்வி தேர்ட் பேஸில் நின்று எறிந்த பந்துகள் வழிதவறியதால் ஃபர்ஸ்ட் பேஸுக்கு அனுப்பப்பட்டவர். நால்வரில் இருந்த இடத்திலேயே இருந்தவர் சே ஒருவர்தான். ஆக, எட்டாண்டுக்கு மேல் நின்ற அந்தப் பொற்காலமும் யாரோ ஒருவர் பென்சிலால் அம்புக்குறி போட்டதில் தொடங்கியதே.

டிஷ்யூத் தாள் சுவடி: பாடபேத ஆராய்ச்சி

மைதானத்தில் டாட்ஜர் டாக் என்ற நீண்ட சாசேஜை வாங்கினால் கூடவே டிஷ்யூத் தாள் கிடைக்கும். ரசிகர்கள் உட்களத் திட்டம் வரைவது இதன்மேல். அ-பிரதியில் தேர்ட் பேஸ் கட்டத்தில் கடுகுச் சாந்து விழுந்து பெயரை மறைத்திருக்கிறது. எஞ்சிய சுழிப்பை வைத்து 'மன்சி' என்ற ஆட்டக்காரரின் பெயராகக் கொண்டார் முதல் பதிப்பாசிரியர். 'எட்மன்' என்ற வேறோர் ஆட்டக்காரர் பெயரே பாடம், கடுகின் கீழ் மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லை என்று மறுத்தார் இரண்டாமவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே நீளம் என்று எண்ணிக் காட்டியவரைக் கருத்தரங்கில் பேச அழைக்கவில்லை. மூன்றாம் பதிப்பாசிரியர் துணிச்சலானவர்: பெயரே எழுதப்படவில்லை, கடுகுதான் மூலபாடம், அந்த இடத்துக்கு ஆள் வாங்க வேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து என்றார். ஆ-பிரதியில் கடுகு இல்லை, கெட்சப். அதனால் அது பிற்காலத்தது என ஒதுக்கப்பட்டது. இ-பிரதியில் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து வெளிக்களத்துக்கு ஓர் அம்புக்குறி ஓடுகிறது. முனை எப்பக்கம் என்று தெரியவில்லை. பெட்ஸ் வருகிறாரா, போகிறாரா? அம்புக்குறிக்கு இரு முனையும் உண்டு என்று நிறுவிய உரையாசிரியர் பின்னர் அத்தாளாலேயே வாய் துடைத்துக்கொண்டதால் ஆய்வு அங்கே நின்றது.

இப்படியொரு தாளை நான் கண்ணால் கண்டதில்லை. காணாத சுவடிக்குப் பதிப்புரை எழுதுவது நம் துறைக்குப் புதிதும் அல்ல. நம் கால ஆராய்ச்சியாளர்கள் ஒரு புலவரை இரண்டாம் நூற்றாண்டிலிருந்து ஐந்துக்குத் தூக்கிப் போடுவர். அங்கே ஏற்கெனவே நின்றவர் ஏழுக்குத் தள்ளப்படுவார். ஏழில் இருந்தவருக்கு இடமில்லாமல் 'அப்பெயரில் இருவர் இருந்தனர்' என்று முடியும். டாட்ஜர்ஸ் ரசிகர் செய்வது இதைத்தான். அவருக்குப் பதவி உயர்வு கிடையாது என்பது ஒன்றே வேறுபாடு.

சான்று

நோவும் உட்கள மாற்றப் பேச்சும் ஒரே இன்னிங்ஸில் நிகழ்ந்ததற்குச் சான்று உண்டு; நொந்தது மட்டும் முழங்கை அன்று, முழங்கால். 2025 ஜூலை 2, சிகாகோ வைட் சாக்ஸுடன் ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். மூவாயிரமாவது ஸ்ட்ரைக்அவுட்டுக்கு (அடிப்பவரை எறிந்தே அவுட்டாக்குவது) கெர்ஷாவுக்கு இன்னும் ஒன்று வேண்டும். ஐம்பதாயிரம் பேர் நின்றுகொண்டிருக்கிறார்கள். எதிரணி ஓட்டக்காரர் தேர்ட் பேஸைத் திருட ஓடி வழுக்கி வருகிறார். தடுக்க நின்ற மேக்ஸ் மன்சியின் இடது முழங்காலில் மோதுகிறார். ஓட்டக்காரர் அவுட். மன்சி மண்ணில் சுருண்டு கிடக்கிறார். தாங்கிப் பிடித்து அழைத்துப் போகிறார்கள். அதன் பிறகு கெர்ஷா எறிந்த ஸ்லைடரை அடிக்காமல் பார்த்து நின்ற ஆட்டக்காரர் மூவாயிரமாவது ஆள் ஆனார். அரங்கம் எழுந்து ஆர்ப்பரித்தது. கைதட்டிக்கொண்டே பக்கத்து ஆளின் காதில் 'இனி தேர்ட் பேஸில் யார்?' என்று கேட்டவர்தான் இந்நூற்பாவின் உண்மையான மாணாக்கர்.

புறனடை

2024 அக்டோபரில் கிளாஸ்னோ, கான்சோலின், கெர்ஷா, ஸ்டோன், மே, ஷீஹன், ரையன் என்று பலர் கைவிரிக்க, எறிவதற்குச் சரியாக மூன்று தொடக்கப் பிட்சர்களே மிஞ்சினர். சான் டியேகோவில் ஓர் ஆட்டத்தை எட்டுப் பிட்சர்கள் பங்கு போட்டு எறிந்து 8–0 என வென்றார்கள். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. உட்களத்தை மாற்றியதால்தான் வந்தது என்று இதுவரை எவரும் நிறுவவில்லை. முயற்சிகள் நடக்கின்றன.

2025-இல் டொரண்டோவில் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸ் வரை போயிற்று. டாட்ஜர்ஸ் பிட்சர் யமமோட்டோ முந்தின இரவு 96 பந்து எறிந்தவர். அன்றும் 34 எறிந்தார். நூற்பாவின்படி அவர் முழங்கை இறுகியிருக்க வேண்டும், இறுகவில்லை. கடைசிப் பந்து தரையோடு ஷார்ட்ஸ்டாப்புக்குப் போயிற்று. பெட்ஸ் அதை எடுத்து, தானே செகண்ட் பேஸை மிதித்து, ஃபர்ஸ்டில் நின்ற ஃப்ரீமனுக்கு எறிந்தார். இருவர் அவுட், கோப்பை மீண்டும் டாட்ஜர்ஸுக்கு. 'அவரை அங்கே நிறுத்தச் சொன்னதே நான்தான்' என்று சொல்லாத ரசிகர் லாஸ் ஏஞ்சலஸில் இல்லை. வேண்டாம் என்று வாதிட்டவர்களும் இதில் அடக்கம்.

இது முழங்கை நோகாமல் நிகழ்ந்த உட்கள வெற்றி ஆதலால் சூத்திரத்துக்கு முரணோ எனின், முரண் அன்று. யமமோட்டோவின் கை அடுத்த ஏப்ரலில் எப்படி இருக்கும் என்று அன்றிரவே பேச்சு தொடங்கிவிட்டது. செகண்ட் பேஸுக்கு அப்போதும் ஆள் முடிவாகியிருக்கவில்லை.