டிரைவர் சொல்பேச்சு கேட்க

கேள்வி: அயர்ன் மட்டையில் பந்து நேராகப் போகிறது. டிரைவரைத் தொட்டால் மட்டும் வலப்பக்கம் ஓடுகிறதே, ஏன்?
– கோல்ஃப் பழகும் வாசகர், கும்மிடிப்பூண்டி சிப்காட்

பதில்: சிப்காட்டில் ஷிப்டை முடித்து, நந்தனம் காஸ்மோ மைதானம் வரை மட்டையைச் சுமந்து போகிறவருக்குப் பந்து புதருக்குள் போனால் வருத்தம்தான். குறை கையில் இல்லை. அயர்னுக்குப் பழகிய அடியை டிரைவருக்கும் கொடுப்பதில் இருக்கிறது.

ஏழாம் எண் அயர்ன் சுமார் 37 அங்குலம். டிரைவர் சுமார் 45. நீளம் கூடக் கூட, மட்டையின் முகத்தைச் சரியான நேரத்தில் நேராக்குவது கடினம். அயர்னின் முகச்சாய்வு 30 டிகிரியை ஒட்டியது. டிரைவருக்கு 10 டிகிரி போல. சாய்வு குறைந்தால் பக்கவாட்டுச் சுழற்சி எடுப்பாகத் தெரியும். அயர்னில் மன்னிக்கப்படும் சிறு கோணல், டிரைவரில் அம்பலமாகிவிடும்.

அயர்ன் பந்தைக் கீழ்நோக்கி அடிக்கும். டிரைவரோ டீ என்னும் சிறு முளைமேல் நிற்கும் பந்தை மேலேறும்போது தொட வேண்டும், கிட்டிப்புள்ளை எகிறவைத்து அடிப்பதுபோல. வலக்கைக்காரர் பந்தை இடது குதிகாலுக்கு நேராக வைக்கட்டும். பாதிப் பந்து மட்டைத் தலைக்கு மேலே தெரியட்டும். காலை அகட்டி, வலத்தோளைச் சற்றுத் தாழ்த்தி, முக்கால் வேகத்தில் வீசட்டும்.

இது கைவரும்வரை டிரைவரைப் பைக்குள் வைத்தாலும் கௌரவக் குறைவில்லை. 2006-இல் ஹொய்லேக்கில் நடந்த ஓப்பன் போட்டியில் டைகர் வுட்ஸ் நான்கு நாள் ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒருமுறைதான் டிரைவரை எடுத்தார். கோப்பையும் அவருக்கே!