வட்டவளை வானிலையில் ப்ளீச்சின் ஆயுள்: ஓர் ஆய்வு

நீச்சல் குளத்துக்குக் குளோரின் 'ஷாக்' கொடுப்பது, அதாவது ஒரே தடவையில் பெரிய அளவாக ஊற்றுவது, பற்றி இதுவரை எழுதியவர்கள் பெரும்பாலும் வெயில் நாட்டார். பகலில் ஊற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும், ஆகவே பொழுது சாய்ந்தபின் ஊற்று என்பது அவர்கள் வேதம். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் வட்டவளைக்கு இது பொருந்தாது. ஜூன் மாதத்தில் அங்கே சூரியனைக் கண்டதாகச் சாட்சி சொல்ல ஆள் பிடிப்பதே சிரமம். எனவே ப்ளீச் ஊற்ற இலங்கையில் இதைவிட உத்தமமான தலம் இல்லை என்பது எமது கருதுகோள். குளம் இல்லாததுதான் குறை.

குறையை நிவர்த்திப்போம். ஹட்டன் பக்கம் சில துரை பங்களாக்கள் விடுதிகளாகிக் குளமும் கட்டிக்கொண்டனவே, அப்படி ஒன்றை வட்டவளையில் கற்பனையாக வெட்டுவோம். கொள்ளளவு 50,000 லீற்றர். லீற்றருக்கு 10 மில்லிகிராம் ஏற, 500 கிராம் குளோரின் தேவை. 5 சதவீத ப்ளீச்சில் அது 10 லீற்றர். கடைத் தட்டில் மாதக்கணக்காய் நின்ற போத்தல் என்றால் வீரியம் இறங்கியிருக்கும், கூடுதலாக வாங்குக. வாசனை சேர்த்தது ஆகாது. கழிவறை கழுவும் அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். முடிவுகளை எழுத ஆய்வாளர் மிஞ்சமாட்டார்.

இங்கேதான் கருதுகோள் வழுக்குகிறது. ஒன்றரை மீற்றர் ஆழக் குளத்தில் ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், பதினைந்தில் ஒரு பங்குக்குப் புதுத் தண்ணீர். வெயில் விட்டுவைத்ததை மழை வழித்துக்கொண்டு போகிறது.

ஒப்பீட்டுக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நிற்கும் 10,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊற்றுத் தண்ணீர் தேயிலைக்குள்ளால் இறங்கித் தாங்கியில் விழுந்து பீலிக்கு வருகிறது. அடைமழையில் பிளேன்டீ நிறத்தில் வருகிறது. குடிக்கிற தண்ணீரில் லீற்றருக்கு அரை மில்லிகிராம் தங்கினால் போதும். தெளிந்த தண்ணீருக்கு மொத்தம் 5 கிராம். ப்ளீச்சிங் பவுடர் என்றால் 15 கிராம். சேறு கலந்தால் சேறே கொஞ்சத்தைத் தின்றுவிடும், கூடப் போட வேண்டும். ஆயினும் குளத்துக்கு ஒரு தடவை ஊற்றுகிற குளோரினில் தெளிந்த தாங்கியை 100 தடவை நிரப்பிக் கொடுக்கலாம்.

குளத்துக்கு அட்டவணை உண்டு, பதிவேடு உண்டு, நிறம் பார்க்கும் சோதனைத் தாள் உண்டு. தாங்கிக்குக் குளோரின் விழ, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா ஏறி வரவேண்டும். இதற்கு விளக்கம் கேட்டால் குளம் கழுவுகிற லயத்துப் பையன் இப்படிச் சொல்லக்கூடும்: "அங்க குளிக்கிறவங்க காசு குடுக்குறாங்க சேர். நாங்க தண்ணிய சும்மாதானே குடிக்கிறோம்."

இக்கூற்றை அட்டவணைப்படுத்த இயலாமையால் பின்னிணைப்புக்கு ஒதுக்கியுள்ளோம்.