சல்லிசுத் துப்பாக்கிகளின் சரித்திரம்

விலை குறைந்த துப்பாக்கியை நம்பி வாங்கலாமா என்பது அமெரிக்கர்களின் ஓயாத பட்டிமன்றம். காசுக்கேற்ற தோசைதான் என்று ஓர் அணி. சுட்டால் சரி, இதில் ஜரிகை எதற்கு என்று எதிரணி. நடுவர் இன்னும் தீர்ப்புச் சொன்னபாடில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டு இந்தக் கேள்வியைப் பல லட்சம் பேர் கையில் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டது. சோதனைக்குச் சம்மதமா என்று அந்தப் பல லட்சம் பேரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதல் சோதனை பிரான்ஸில். 1915. போர், பதுங்குகுழிக்குள் இறங்கி அங்கேயே பாய் விரித்துவிட்டது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு நடந்தபடியே தொடர்ந்து சுடக்கூடிய ஆயுதம் ஒன்று வேண்டும். சீக்கிரமாக வேண்டும், சல்லிசாக வேண்டும். பிரெஞ்சு ராணுவம் யாரிடம் போய் நின்றது தெரியுமா? கிளாடியேட்டர் என்ற சைக்கிள் கம்பெனியிடம். சைக்கிள் கம்பெனிக்குக் குழாய் வளைக்கத் தெரியும், தகடு அடிக்கத் தெரியும், பற்றவைக்கத் தெரியும். துப்பாக்கி செய்ய இன்னும் வேறென்ன வேண்டும்? இப்படிப் பிறந்ததுதான் ஷோஷா. கர்னல் ஷோஷா என்பவரின் பெயர். மனிதர் எதற்காகப் பெயரைக் கொடுத்தார் என்று பின்னாளில் நிச்சயம் வருந்தியிருப்பார்.

ஷோஷாவின் மேகஸின் பிறை வடிவம். அதன் ஒரு பக்கம் மூடாமல் திறந்தே கிடக்கும். தோட்டா எத்தனை மிச்சமிருக்கிறது என்று சிப்பாய் எட்டிப் பார்த்துக்கொள்ள வசதி. சிப்பாய் எட்டிப் பார்த்தார். கூடவே சேறும் எட்டிப் பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. மேற்குப் போர்முனையில் சேற்றைத் தவிர வேறு எதுவும் தாராளமாகக் கிடைக்காத காலம் அது. சரி, சேறு படாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தால்? நூறு சொச்சம் குண்டுகளை விடாமல் சுட்டதும் குழல் சூடேறி, உறுப்புகள் உப்பி, அப்படியே இறுகிக்கொள்ளும். ஆறும் வரை காத்திருக்க வேண்டும். எதிரே வருகிற ஜெர்மானியரும் மரியாதையாகக் காத்திருப்பார் என்று பாரிஸில் யாரோ நம்பியிருக்கிறார்கள். இப்படி இரண்டரை லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள்.

1917ல் அமெரிக்கா போருக்கு வந்தது. கையில் பணம் இருந்தது, துப்பாக்கி போதவில்லை. ஷோஷாவை ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அதோடு விட்டார்களா? எங்கள் ஊர்த் தோட்டாவுக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றிக் கொடுங்கள் என்றார்கள். மாற்றியதில் தோட்டா உட்காரும் அறையின் அளவு தப்பிவிட்டது. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே வர மறுத்தது. பழைய ஷோஷா சேறு பட்டால் மக்கர் செய்யும். புதிய ஷோஷாவுக்கு அந்தத் தேவையே இருக்கவில்லை.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை ஒன்று உண்டு. ஜான் பிரவுனிங் வடிவமைத்த அருமையான தானியங்கித் துப்பாக்கி ஒன்று அமெரிக்கர்களிடம் தயாராகவே இருந்தது. ஜெனரல் பெர்ஷிங் அதைப் போர்முனைக்குச் சீக்கிரம் அனுப்ப விடவில்லை. எதிரி கையில் சிக்கினால் காப்பியடித்துவிடுவானாம். நல்லது பெட்டிக்குள் தூங்க, மட்டமானது சிப்பாயின் தோளில் தொங்கியது. ஷோஷா எதிரி கையில் சிக்கினால் பாதகமில்லை. அதையும் ஒரு தாக்குதலாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

காசுக்கேற்ற தோசை அணியினர் இப்போதே கைதட்ட வேண்டாம். அதே போரில் கனடாக்காரர்கள் ராஸ் என்ற ரைபிளோடு வந்தார்கள். சர் சார்லஸ் ராஸ் என்ற சீமானின் படைப்பு. நேர்த்தியான வேலைப்பாடு. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் பரிசு வாங்கிய பெருமை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்குப் பக்கத்தில் ஜெர்மானியர் விஷவாயுவோடு வந்தபோது, இந்தச் சீமான் வீட்டுப் பிள்ளை சேற்றைப் பார்த்து முகம் சுளித்தது. போல்ட் அசையவில்லை. சிப்பாய்கள் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள், மண்வெட்டியால் தட்டித் திறந்தார்கள். முனையில் மாட்டிய பயோனெட் வேறு சுடச் சுடக் கழன்று விழுந்தது. சண்டையில் உயிர் பிழைத்த சுமார் 5,000 கனடியர்களில் 1,400க்கும் மேற்பட்டவர்கள் ராஸை வீசியெறிந்துவிட்டு, செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பொருளைப் பற்றி அதை வாங்கியவர் இதைவிடத் தெளிவாகக் கருத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் அசரவில்லை. ராஸ் நல்ல துப்பாக்கி, பிரிட்டிஷ் தோட்டாதான் சரியில்லை என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம். 1916ல் முதலில் ராஸ் போர்முனையை விட்டுப் போனது, பிறகு ஹியூஸ் பதவியை விட்டுப் போனார்.

அடுத்த போர். 1940ல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படை தப்பித்து ஊர் வந்து சேர்ந்தது. ஆட்கள் வந்தார்கள், ஆயுதங்கள் வரவில்லை. அமெரிக்காவின் டாமி கன்னை வாங்கலாமென்றால் ஒன்று சுமார் 200 டாலர். ஹிட்லர் எந்த நேரமும் கடல் தாண்டலாம், கஜானாவோ காலி. அப்போது ஷெப்பர்ட், டர்பின் என்ற இருவர் வரைந்து கொடுத்ததுதான் ஸ்டென். ஒரு குழாய், உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு கனத்த போல்ட், பின்னால் தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கம்பி. பக்கவாட்டில் மேகஸின். விலை மூன்று பவுனுக்குள். காயலான் கடைக்காரர் பார்த்தால் எடை போட்டு விலை சொல்லிவிடுவார்.

அதன் மூன்றாவது மாடலைச் செய்தது யார்? லைன்ஸ் பிரதர்ஸ். குழந்தைகளுக்குப் பொம்மை செய்கிற கம்பெனி. போன போரில் சைக்கிள் கடை, இந்தப் போரில் பொம்மைக் கடை. எல்லா மாடலும் சேர்த்துச் சுமார் 40 லட்சம் ஸ்டென்கள் வெளிவந்தன.

சிப்பாய்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர்களில் அச்சில் ஏற்றக்கூடியது, 'குழாய்க்காரரின் கெட்ட கனவு'. அதன் வியாதியெல்லாம் மேகஸினில் இருந்தது. இரண்டு வரிசையாக நிற்கிற தோட்டாக்கள் மேலே வந்ததும் ஒற்றை வரிசையாக நெருக்கியடித்து நுழைய வேண்டும். மேகஸினின் உதடு கொஞ்சம் வளைந்தாலும் நெரிசலில் சிக்கிக்கொள்ளும். பக்கவாட்டில் வாகாக நீட்டிக்கொண்டிருப்பதால் சிப்பாய் அதையே கைப்பிடியாகப் பிடிப்பார். பிடித்தால் வளையும். 32 தோட்டா கொள்ளும் என்று எழுதியிருந்தாலும் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று குறைத்தே போட்டார்கள். சுட வேண்டிய நேரத்தில் இப்படிச் சுடாத ஸ்டென், சுட வேண்டாத நேரத்தில் சுட்டுவிடும். கீழே போட்டால் அதிர்ச்சியில் போல்ட் பின்னால் போய் முன்னால் வரும், வருகிற வழியில் ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு வரும். எதிரி இருக்கிற அறைக்குள் ஸ்டென்னைத் தூக்கியெறிந்தால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று முகாம்களில் கதை கட்டினார்கள்.

1942 மே 27. பிராக் நகரின் லிபென் பகுதியில் சாலை கூர்மையாக வளைகிற இடம். நாஜிகளின் உச்சியில் இருந்த கொலைகாரர்களில் ஒருவனான ஹைட்ரிச், பாதுகாப்பு வண்டி எதுவும் இல்லாமல் திறந்த மெர்சிடஸில் வருகிறான். இங்கிலாந்தில் பயிற்சி பெற்று, பாரசூட்டில் குதித்து, மாதக்கணக்கில் மறைந்திருந்த காப்சிக், வளைவில் கார் வேகம் குறைந்ததும் எதிரே பாய்ந்து நிற்கிறார். கோட்டுக்கு அடியிலிருந்து ஸ்டென்னை எடுக்கிறார். விசையை இழுக்கிறார்.

ஒன்றும் நடக்கவில்லை.

இத்தனை மாத ஏற்பாடும் மூன்று பவுன் சாமானிடம் வந்து மாட்டிக்கொண்டது. புத்தியுள்ளவன் என்றால் டிரைவரிடம் விரட்டு என்று சொல்லியிருப்பான். ஹைட்ரிச் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, தன் விலையுயர்ந்த பிஸ்டலோடு எழுந்து நின்றான். கூட்டாளி குபிஷ் எறிந்த குண்டு பின்சக்கரத்தருகே வெடித்தது. டிரைவர் பிஸ்டலோடு குபிஷைத் துரத்தினான். வெடிச் சத்தத்தில் தலை கிறுகிறுத்த அவன், விசைக்குப் பதில் மேகஸினை விடுவிக்கும் பித்தானை அமுக்க, அந்த ஜெர்மன் பிஸ்டலும் சிக்கிக்கொண்டது. ஒரே தெருமுனையில் சல்லிசும் சீமானும் சமமாகக் கைவிட்ட காலை அது. காயத்தில் சீழ் பிடித்து ஹைட்ரிச் ஜூன் 4 அன்று செத்தான். பழிவாங்க நாஜிகள் லிடிட்சே கிராமத்து ஆண்களைச் சுட்டுக் கொன்று, ஊரையே தரைமட்டமாக்கினார்கள். இந்த ஒரு பகுதியில் சிரிக்க எதுவும் இல்லை.

இப்படிப் பேரெடுத்த ஸ்டென்னைப் பிறகு யார் காப்பியடித்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 1944ல் ஜெர்மானியர்களே. மாஸர் என்றால் உலகமே தொப்பியைக் கழற்றும் துப்பாக்கிக் கம்பெனி. அந்த மாஸர், பிரிட்டிஷ் முத்திரை உட்பட அச்சு அசலாக ஸ்டென்களைச் செய்து கொடுத்தது. தோல்வி நெருங்க நெருங்க, மேகஸினைக் கீழ்நோக்கித் திருப்பிய சொந்த ஸ்டென் ஒன்றும் வந்தது. ஏளனம் செய்தவர்களுக்கும் பஞ்சம் வந்தால் குழாய்தான் கதி.

ஆனால் சல்லிசில் சக்கரவர்த்தி அமெரிக்காவின் லிபரேட்டர். 1942 கோடையில் 11 வாரங்களில் 10 லட்சம் கைத்துப்பாக்கிகள். செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் கார் விளக்குத் தொழிற்சாலை. ரகசியம் காக்க, காகிதங்களில் இதை வெளிச்சக் குண்டு எறியும் கருவி என்று குறித்தார்கள். விலை 2 டாலர் சொச்சம். ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. குழலின் உள்ளே திருகுவரி கிடையாது. ஆகவே எட்டு மீட்டருக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்பது குண்டின் சொந்த விருப்பம். அட்டைப் பெட்டிக்குள் 10 தோட்டா, சுட்ட கூட்டைக் குத்தித் தள்ள ஒரு மரக்குச்சி, எந்த மொழிக்காரருக்கும் புரிகிற மாதிரி எழுத்தே இல்லாத படக்கதை. கணக்குப் போட்டால் ஏழு விநாடிக்குள் ஒரு துப்பாக்கி பிறந்திருக்கிறது. அதில் மறுபடி தோட்டா போட்டுத் தயாராவதற்குச் சுமார் 10 விநாடி ஆகும். போடுவதைவிடச் செய்வது சுலபம்.

இதைக் கொண்டு போரிடச் சொல்லவில்லை. ஆக்கிரமிப்பில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர், தனியாக நிற்கிற எதிரிச் சிப்பாயின் பக்கத்தில் போய்ச் சுட்டுவிட்டு, அவன் கையிலிருக்கும் நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, லிபரேட்டர் என்பது நல்ல துப்பாக்கிக்குக் கட்டுகிற முன்பணம். தளபதிகளுக்கே இதில் ஆசை வரவில்லை. பெரும்பாலானவற்றைப் போருக்குப் பிறகு அழித்தார்கள். தப்பித்தவற்றை இன்று சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள், சுடுவதற்கு அல்ல.

போர் முடிந்தது, சல்லிசு முடியவில்லை. 1968ல் அமெரிக்கா சட்டம் போட்டு, வெளிநாட்டு மட்டரகக் கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்தது. உள்ளூரில் செய்யக்கூடாது என்று சொல்ல மறந்துவிட்டது. விளைவு, லாஸ் ஏஞ்சலஸைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி ரேவன், பிரைகோ என்று கைத்துப்பாக்கிகளைக் குவித்தன. 1972ல் நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது துப்பாக்கிக்கு விலக்கு. எனவே அந்த நாட்டில் பொம்மைத் துப்பாக்கி பிள்ளைகளுக்குக் கெடுதலா என்று அரசு சோதிக்கும். நிஜத் துப்பாக்கியைச் சோதிக்க அந்தச் சட்டத்தில் அதிகாரமில்லை.

பிரைகோவின் ஒரு மாடலில் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் முதலில் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். அப்படி எடுக்கப் போன வேளையில் வெடித்து, ஒரு சிறுவன் வாழ்நாள் முழுக்க முடங்கினான். 2003ல் கலிஃபோர்னிய நீதிமன்றம் கோடிக்கணக்கான டாலர் நஷ்டஈடு விதித்தது. கம்பெனி திவால் மனுப் போட்டது. அதற்கு முன்பே அந்த மாநிலம் கைத்துப்பாக்கிகளுக்குப் பரீட்சை வைத்துவிட்டது. 600 குண்டு சுட வேண்டும், ஆறு தடவைக்கு மேல் மக்கர் செய்யக்கூடாது, கீழே போட்டால் வெடிக்கக்கூடாது. நம் ஸ்டென் அந்தப் பரீட்சைக்கு வந்திருந்தால், முதலில் அறையை விட்டு ஓடியிருப்பவர் தேர்வு அதிகாரிதான்.

நியாயத்துக்கு இதையும் சொல்லியாக வேண்டும். ஓஹியோவின் ஹை-பாயிண்ட் கைத்துப்பாக்கிக்கு விலையும் குறைவு, அழகும் குறைவு, கனம் மட்டும் அதிகம். ஆனால் சுடுகிறது, ஆயுள் உத்தரவாதமும் தருகிறார்கள். திட்டு வாங்கிய ஸ்டென்னும் போர் முழுக்க லட்சக்கணக்கான கைகளில் வேலை செய்தது. பரிசு வாங்கிய ராஸ்தான் செய்யவில்லை. ஆகவே குற்றவாளி விலை அல்ல.

ஷோஷாவை ஒப்புக்கொண்ட அதிகாரி அதைச் சேற்றில் பிடித்ததில்லை. ராஸைப் புகழ்ந்த அமைச்சர் ஈப்ரவில் நிற்கவில்லை. லிபரேட்டருக்கு இரண்டு டாலர் செலவழித்தவர் எட்டு மீட்டர் பக்கத்தில் எந்த நாஜியையும் நெருங்கவில்லை. வாங்குகிறவர் ஒருவர், பிடிக்கிறவர் இன்னொருவர் என்கிறவரை எந்தத் துப்பாக்கியும் நம்பகமானதுதான். வீட்டில் ஒன்று வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற குடும்பஸ்தருக்கு இந்தச் சலுகை கிடையாது. வாங்குகிறவரும் அவரே, பிடிக்கிறவரும் அவரே, தவறி வெடித்தால் எதிரே நிற்பதும் அவர் வீட்டுப் பிள்ளையே. சுடும்போது சுடுவதைவிட, சுட வேண்டாதபோது சும்மா இருப்பதுதான் துப்பாக்கிக்குப் பெரிய பரீட்சை. அதில் தேறியதா என்று பார்க்காமல் விலைச்சீட்டை மட்டும் பார்த்து வாங்குகிறவர், பொம்மைக் கடையோடு நின்றுகொள்வது உத்தமம். அங்கே சோதித்துத்தான் விற்கிறார்கள்.