வளர்த்திக்கு விட்டுத் தைத்த சட்டை

திருகோணமலையில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேண்டிய நாட்களில் பெரும்பாலானவை கடல் அடிக்கும் மாதங்களிலேதான் வருகின்றன. ஐப்பசியில் தீபாவளி, மார்கழியில் நத்தார், தையில் பொங்கல், அந்தச் சூட்டோடு பள்ளிக்கூடப் புது வகுப்பு. வாடைக் காலத்தில் பல நாள் தோணி இறங்காது. கடற்தொழில் வீடுகளில் மட்டுமல்ல, அவர்களுக்குக் கடன் கொடுக்கும் கடைகளிலும் காசு ஓடாது. என் சிறு வயதிலும் இதே நிலைதான், இன்றும் இதேதான். மாறியிருப்பது உடுப்பு.

நான் பள்ளிக்கூடம் போன எழுபதுகளில் துணி கிடைப்பதே பெரும்பாடு. சிறிமாவோ அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் அது. சங்கக் கடைக்குச் சீத்தை வந்திருக்கிறது என்று காதில் விழுந்தால் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வரிசைக்கு ஓடுவார். கிடைத்த துணியில் அக்காவுக்கும் எனக்கும் ஒரே பூப்போட்ட சட்டை. மிச்சம் தலையணை உறை.

மத்திய வீதிப் பக்கம் ஒரு கடை விறாந்தையில் மெசின் போட்டிருந்த நானாதான் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தைப்பவர். அளவெடுக்கும்போது அம்மா தவறாமல் சொல்லுவார்: "நானா, வளர்த்திக்கு விட்டுத் தையுங்கோ."

"பயப்பிடாதீங்க தங்கச்சி, ரெண்டு பெருநாளுக்குத் தாங்கும்" என்பார் அவர்.

கீழ் மடிப்பில் நாலு விரற்கடை துணி உள்ளே போகும். பக்கத் தையல்களில் ஒவ்வொரு அங்குலம் ஒளிந்திருக்கும். இடுப்பில் ஒரு பிடிப்பு. முதல் வருடம் சட்டை தொளதொளவென்று நிற்கும், அடுத்த வருடம் அளவாக வரும், அதற்கடுத்த வருடம் அம்மா மடிப்பை அவிழ்த்து இறக்குவார். அவிழ்த்த இடத்தில் வெயில் படாத துணி பளிச்சென்று ஒரு பட்டியாகத் தெரியும். வகுப்பில் பாதிப் பேரின் சட்டையில் அந்தப் பட்டி இருந்தது. யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. எனக்குச் சின்னதானதும் அது சாம்பல்தீவில் இருந்த சின்னம்மாவின் மகளுக்குப் போகும். அங்கே கை வெட்டப்பட்டுப் பெட்டிக்கோட்டாகும். கடைசியில் அடுப்படிப் பிடிதுணி.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் புடவைக் கடைகளில் துணி வந்து குவிந்தது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாச இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தைத் தொடக்கினார். 1993இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியதும் அவர்தான். போர்க்காலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் பிடித்து வைத்திருந்த காரணங்களில் அந்த வெள்ளைத் துணியும் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். 2025ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதற்கும் வேண்டிய சீருடைத் துணியைச் சீனா அன்பளிப்பாகத் தந்தது. துணி இலவசம்தான். தையற்கூலியும் சப்பாத்தும் தாய் தகப்பனின் தலையில்.

இன்று பேத்திக்குச் சட்டை எடுக்க மகளோடு கடைக்குப் போகிறேன். ஐந்து வயதுப் பிள்ளையின் நல்ல நாள் சட்டை ஒன்று 3,500 ரூபாவுக்குக் குறையவில்லை. 2025 ஏப்ரலில் சட்டம் நிர்ணயித்த ஆகக் குறைந்த மாதச் சம்பளமே 27,000 ரூபாவாகத்தான் இருந்தது. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தீபாவளிக்கு அதில் கால்வாசி போய்விடும். பிள்ளைச் சட்டைக்குத் துணி குறைவுதானே, விலை ஏன் குறையவில்லை என்று பலர் கேட்கிறார்கள். துணிதான் குறைவு. கழுத்து, கை, பொத்தான், சிப்பு என்று தையல் வேலை பெரியவர் சட்டைக்கு உள்ள அளவு இதற்கும் உண்டு. அதோடு எங்கள் ஆடைத் தொழிற்சாலைகள் வெட்டும் துணியில் பெரும்பகுதி வெளிநாட்டுத் துணி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது பிள்ளையின் பெனியன்வரை அது வந்து விழுந்தது. ஏறிய விலை பிறகு இறங்கவேயில்லை.

பொருள் ஏற்றுமதி வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை உடுப்புத் தைத்துச் சம்பாதிக்கும் நாடு இது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் சட்டையை இங்கே எங்கள் பெண்கள் தைக்கிறார்கள். அதைத் தைக்கும் தாய் தன் பிள்ளைக்கு ஒன்று வாங்கச் சம்பள நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். இதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

விலையைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. கடைச் சட்டையைத் திருப்பிப் பாருங்கள். துணியை மிச்சம் பிடிப்பதற்காகத் தையலை ஒட்டியே வெட்டியிருப்பார்கள். அவிழ்க்க மடிப்பு இல்லை, விரிக்கப் பக்கத் துணி இல்லை. பிள்ளை ஒரு விரற்கடை வளர்ந்தால் சட்டையின் ஆயுள் முடிந்தது.

மலிவுக்கு வழி இல்லாமல் இல்லை. நடைபாதைக் கடைகளில் தொழிற்சாலை மிச்ச உடுப்பு வருகிறது. பெயர்ப்பட்டி வெட்டப்பட்டிருக்கும், துணி பெரும்பாலும் நல்லது. இழுபட்டியையும் தையலையும் இழுத்துப் பார்த்து வாங்கினால் போதும். மகரகமவுக்குப் பக்கத்தில் உள்ள பமுணுவைக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் வெட்டுத் துணி கொண்டு வருவார்கள். வீட்டில் மெசின் வைத்துத் தைக்கும் பெண்கள் எங்கள் ஊரில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால் வளர்த்திக்கு விட்டும் தைப்பார்கள். இப்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

எல்லாவற்றிலும் மலிவானது கைமாறும் உடுப்பு. அதை ஏன் விட்டோம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் சனம் இடப்பெயர்வு முகாம்களில் லொறியிலிருந்து எறியப்பட்ட பழைய உடுப்பைக் கையேந்தி வாங்கியிருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி அடித்த பிறகு உடுப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அனுப்பியவர்களின் மனம் நல்லது. ஆனால் இந்த வெயிலுக்குக் குளிர்ச்சட்டையும், பொத்தான் போன களுசானும் அதில் கிடந்தன. அதன்பின் பிறர் போட்ட உடுப்பு என்றாலே அகதி வாழ்க்கையின் நினைவு வருகிறது. சின்னம்மா மகளுக்குப் போன சட்டையில் உறவு இருந்தது. லொறியில் வந்த சட்டையில் அது இருக்கவில்லை. இப்போது சொந்தத் தங்கைக்குக்கூடப் பையில் சுற்றி, இருட்டின பிறகு கொடுக்கிறார்கள்.

பிரித்தானியாவில் பிள்ளைகளின் உடுப்புக்கு 1973இலிருந்து வற் வரி கிடையாது. இங்கே 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். பிள்ளை உடுப்புக்கு அங்கே உள்ள சலுகையை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் பிரதிநிதிகளிடம் கேட்போம். ஆனால் அதற்காகக் காத்திருக்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை, அவர்கள் வளர்ந்துகொண்டிருக்கிறார்கள். வாடை தொடங்குமுன் உங்கள் அலுமாரியைத் திறவுங்கள். சின்னதான சட்டைகளைத் துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மினுக்கி எடுங்கள். உறவுக்காரர், அயலவர், வகுப்புத் தோழிகள், யாருடைய பிள்ளைக்கு அளவோ அவர்களுக்குக் கொடுங்கள். பட்டப்பகலில், முன்வாசலால் போய்க் கொடுங்கள். உங்கள் பிள்ளைக்கு ஒருவர் கொண்டுவந்தால் அதே முகத்தோடு வாங்கிப் போட்டுவிடுங்கள்.