காவலுக்குக் காவல்

இணையத்தில் பிள்ளைகளைக் காக்கச் சட்டம் பெற்றோரைத்தான் வாசலில் நிறுத்தியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் தாய்க்கு அந்த ஒப்புதல் ஓடிபியாக வந்தால், வாசித்துச் சொல்வது எட்டாம் வகுப்பு மகன். வயது கேட்கும் கட்டத்தில் அவன் பிறந்த ஆண்டு 1990. கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலியால் திரைநேரத்தைக் குறைக்கலாம், இரவில் போனைப் பூட்டலாம். அதை நிறுவித் தரவும் அவனே வரவேண்டும். வீட்டுக்கே ஒரு போன் என்றால், கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் முறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிள்ளையை யாராவது மிரட்டினால் அழைக்க 1098, இணையத்தில் பணம் பறிபோனால் 1930. இரண்டுக்கும் ஓடிபி கேட்பதில்லை.