15 நாள் அம்மா

வா அம்மிணி, இந்தக் கட்டல்ல உக்காரு. உங்கம்மா சமையக்கட்டுல குசுகுசுன்னு பேசுனது எனக்குக் காதுல உளுகலைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கறா. கெழவனுக்குக் கண்ணுதான் மங்கிப் போச்சு. காது இன்னும் டீசல் இஞ்சின் எடறுறத அரை மைலுக்கு அக்கட்டயே கண்டுபுடிக்கும். காத்மாண்டு போறயாமா? அனாதைக் கொழந்தைங்களப் பாத்துக்கறதுக்கு? 15 நாளைக்கு? அதுக்கு நீயே 60,000 ரூவா கட்டோணுமாமா?

நல்ல காரியம் கண்ணு. அப்புச்சிக்குப் பெருமையாத்தான் இருக்குது. ஒரே ஒரு சந்தேகம். நானு முப்பது வருசம் நாமக்கல் லாரி ஓட்டுனவன். லோடு ஏத்துனாலும் கூலி, எறக்குனாலும் கூலி. ஏத்தறவனே காசையும் குடுத்து, கும்புடும் போட்டு, போட்டாவும் புடிச்சுக்கிட்டுப் போற ஊரு ஒண்ணு இருக்குதுன்னு அப்ப யாருமே எனக்குச் சொல்லலையே! தெரிஞ்சிருந்தா இந்நேரம் நாலு லாரிக்கு மொதலாளி.

சரி, அங்க போயி என்ன பண்ணுவ? இங்கிலீசு சொல்லிக் குடுப்ப, குளிக்க வார்ப்ப, சோறூட்டுவ. போன தீவாளிக்கு உங்க சித்தி பையனுக்குச் சளி ஒழுகுச்சுன்னு ரெண்டே வெரல்ல காயிதத்தப் புடிச்சுக்கிட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டு நின்னயே, அந்தக் கைதானே இது? கோவிச்சுக்காத. நாளைக்கு நம்மூரு பால்வாடிக்குள்ள ஒரு வெள்ளக்காரன் தோள்பையோட நொழைஞ்சு, நாலு பொடுசுகளத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, "15 நாளைக்கு நாந்தான் இதுகளுக்கு எல்லாம்"னு சொன்னா, ஆயா சீவக்கட்டைய எடுக்காம உடுவாளா? அங்க மட்டும் எப்படிக் கதவு அத்தன லேசாத் தொறக்குது?

அந்தக் கதவு வரைக்கும் நானும் போயிருக்கறன். ரக்சால்னு பீகாரு ஓரத்துல ஒரு ஊரு. தாண்டுனா பீர்கஞ்சு, நேபாளம். லாரிக வரிசை கட்டி நாக்கணக்கா நிக்கும். உனக்கு அது வெளிநாடு. எங்களுக்கு விசாவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. காசுக்கு மட்டும் அங்க ரெண்டு பேரு: நம்ம ரூவா ஐசி, அவங்க ரூவா என்சி. ஐசி 100 குடுத்தா என்சி 160. 1993லிருந்து அதே கணக்குத்தான்.

அங்க டீ கொண்டாந்து குடுக்கற பையன் ஒருத்தன், எட்டு வயசிருக்கும். டம்ளர் நாலையும் ஒரே கையில, வெரலுக்கு ஒண்ணாக் கோத்துக்கிட்டு வருவான். எனக்குத் தெரிஞ்ச லாரி இந்தியில "அப்பனாத்தா இல்லியாடா"ன்னு கேட்டன். இருக்காங்கன்னான். மலைமேல, ரோடு போகாத ஊருல. படிக்க வெக்கறன்னு ஒருத்தன் கூட்டியாந்தானாம். படிப்பு எங்கடான்னு கேட்டதுக்கு டம்ளரக் காட்டிச் சிரிச்சான்.

உங்க மாமம் பையன் போனுல படிச்சுக் காட்டுன பொறவுதான் எனக்கு அந்தச் சிரிப்பு வெளங்குச்சு. ஹும்லான்னு ஒரு சீமையாம், மேற்கு மலையில, திபெத்து எல்லையோரம். 1996லிருந்து 2006 வரைக்கும் அந்த நாட்டுல மாவோயிஸ்டுச் சண்டை. புள்ளைகளப் படைக்குப் புடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு பெத்தவங்களுக்குப் பயம். பயம் இருக்கற ஊட்டுக்குத் தரகன் வராம இருப்பானா? காத்மாண்டுல படிக்க வெக்கறன்னு சொல்லி, காசையும் வாங்கிக்கிட்டான், புள்ளையையும் கூட்டிக்கிட்டான். அங்க போனதும் அப்பனாத்தா செத்துட்டதா ஒரு காயிதம். உசுரோட இருக்கறவனுக்குக் கருமாதி பண்ண ஐயரே வேண்டியதில்ல, ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும்.

அந்த நாட்டுல 77 சில்லா. அனாதை இல்லத்துல முக்காவாசிக்கும் மேல அஞ்சே சில்லாவுல: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்ரா இருக்கற காஸ்கி, காண்டாமிருகம் பாக்கப் போற சித்வன். டூரிஸ்ட்டு எங்கெங்க எறங்கறாங்களோ அங்கதான் அப்பனாத்தா சாகறாங்களாட்ட இருக்குது! பஸ்ஸு போகாத மலையூருல எவனுக்கும் சாவே வர்றதில்ல போல.

எனக்கு இது லாரிக்காரன் கணக்கு. வாடகை எங்க கெடைக்குமோ அங்கதான் வண்டி நிக்கும். உன்னாட்டம் ஆளுக காசு கட்டிட்டு வர வர, மடியில வெச்சுக்கக் கொழந்தை வேணுமல்லோ? இருக்கறது பத்தலைன்னா தரகன் இன்னொருக்கா மலை ஏறுவான். கொழந்தைக கொழுகொழுன்னு இருந்தா உண்டியல் நெறையாது, அதனால சோத்துலயும் கை வெக்கற எடம் உண்டு. 2015 நெலநடுக்கத்துக்குப் பொறவு, புது இல்லம் தொறக்காத, அனுமதியில்லாமக் கொழந்தைய சில்லா தாண்டிக் கொண்டுபோகாதன்னு அந்தச் சர்க்காரே தடுத்துச்சு. 2019ல ஐநா சபையும் இந்த இல்லச் சுற்றுலா கொழந்தைகளுக்குக் கேடுன்னு தீர்மானம் போட்டுச்சு. நீ போற எடத்தப் பத்திக் காட்டுனயே, அந்த வெளம்பரத்துல இது எந்த மூலையில இருக்குதுன்னு கண்ணாடி போட்டுத் தேடுனன். காணோம்.

வெளம்பரத்துல ஒரு படம் மட்டும் பெருசா இருந்துச்சு. ஒரு பொடுசு, இன்னிக்கு வந்து எறங்குன வெள்ளக்காரப் புள்ள கழுத்தக் கட்டிக்கிட்டுத் தொங்குது. "எத்தன பாசம் பாருங்கப்புச்சி"ன்னு காட்டுனயல்லோ. எனக்கு நம்ம பட்டி நெனப்பு வந்துருச்சு.

தாயோட இருக்கற குட்டி உன்னையக் கண்டா என்ன பண்ணும்? வாலத் தூக்கிக்கிட்டுத் தாய் வகுத்தடியில ஓடும். போன மார்கழியில ஈனுன ஆடு செத்துப்போயி, உங்கம்மாயி ஒரு குட்டிய சீசாப்பால்ல வளத்தாளே, அது தபால்காரர் பின்னாலயும் போச்சு, சிலிண்டர்க்காரன் பின்னாலயும் போச்சு. எல்லாரும் எத்தன பாசம்னுதான் சொன்னாங்க. கறிக்கடைக்காரன் வந்தப்ப அவன் பின்னாலயும் அதே பாசத்தோட போச்சு.

கண்டவங்க பின்னாலயும் போற இந்தப் பாசத்த ருமேனியாவுல படிச்சவங்களும் பாத்திருக்கறாங்க. புக்காரெஸ்ட்டுல இல்லத்துல கெடந்த 136 கொழந்தைகள்ல பாதியச் சீட்டுக் குலுக்குனாப்பல எடுத்துக் குடும்பங்கள்ல வளக்கக் குடுத்தாங்க. அதுக, அதுலயும் ரெண்டு வயசுக்கு முந்திப் போனதுக, நல்லாத் தேறுச்சுக. மத்ததுக அந்தளவு தேறல. உங்கம்மாயி பள்ளிக்கூடமே போகாமச் செஞ்சதுதான் இது. செத்த குட்டியோட தோலத் தாயில்லாக் குட்டி மேல போத்தி, குட்டி செத்த ஆட்டுக்கடியில உடுவா. ஆடு மோந்து பாக்கும், முட்டித் தள்ளும். காலக் கட்டி, ராத்திரியில ரெண்டு தடவ எந்திரிச்சுப் போயி ஊட்ட உடுவா. ஒரு வெடியக்காலம் பாத்தா ஆடே குட்டிய நக்கிக்கிட்டு இருக்கும். ஊட்டற ஆட்ட 15 நாளைக்கொருக்கா மாத்துனா அந்தக் குட்டி என்னத்துக்காகும், சொல்லு?

நெசமாவே யாருமில்லாத கொழந்தைகளும் நேபாளத்துல இருக்குது, மனசாரப் பாத்துக்கறவங்களும் இருக்கறாங்க. இல்லைங்கல. அதுகளுக்கு வேணுங்கறது அந்தப் பேச்சுப் பேசி, நாளைக்கும் அங்கயே இருக்கற ஆளு. நடு ராத்திரி வகுறு வலிக்குதுன்னு நேபாளியில அழுதா உனக்குப் புரியுமா? உன்ற 60,000, என்சில 96,000. அத வெச்சு ஒரு அம்மாளுக்கு எத்தன மாசச் சம்பளம் குடுக்கலாம்னு நீதான் இஞ்சினீயரு, கணக்குப் போடு. ஹும்லா மலையில நடந்து நடந்து பெத்தவங்களத் தேடிப் புடிச்சு, புள்ளைகளக் கொண்டுபோயிச் சேத்தவங்க இருக்கறாங்க, அந்த நாட்டு ஆளுக. காசு அவங்களுக்கும் போகலாம். என்ன, கழுத்தக் கட்டிக்கற போட்டா வராது.

மலை பாக்கற ஆசைன்னா, மலை பாக்கறன்னு வெளிப்படையாச் சொல்லிட்டுப் போயிட்டு வா. பருப்புஞ் சோறும் தின்னு, சொமை தூக்கறவனுக்குக் கூலியக் கொறைக்காமக் குடு. அதுக்கு யாரும் அனாதையாக வேண்டியதில்ல.

எதுக்கும் அந்த வெமானச் சீட்டக் கேன்சல் பண்ணுனா எத்தன வரும்னு உங்க மாமம் பையங்கிட்ட நேத்தே கேட்டு வெச்சிருக்கறன். பாதி வருமாம்.