எல்லாம் அதுல கீது!

வடசென்னை டோல்கேட்டில் பழைய தெருவாகப் பார்த்து எந்த வீட்டிலாவது பரணை எட்டிப் பாருங்கள். கொலுப்படிக்கும் ஓட்டை அண்டாவுக்கும் நடுவே, பழைய லுங்கி போர்த்திய சிபியு ஒன்று உட்கார்ந்திருக்கும். வெள்ளையாக வாங்கியது, இப்போது மஞ்சள். கடல் காற்று பட்டதில் பின்பக்க ஸ்குரு எல்லாம் துருப்பிடித்திருக்கும். அதன் உரிமையாளர் ஹார்பரிலோ எண்ணூர் பக்கத்துக் கம்பெனியிலோ வேலை பார்த்து ரிடையர் ஆனவர். "காயலாங்கடைக்காரர் வந்திருக்கார், இத தூக்கிப் போட்டுடலாமா?" என்று வீட்டம்மா வாயெடுத்தால் போதும், மனிதர் பதறிவிடுவார்.

"அய்ய, இன்னா பேசற நீ? எல்லாம் அதுலதான் கீது!"

இந்த வகையினருக்கு ‘அதுலகீது சார்’ என்று பெயர் வைத்துவிடலாம்.

அதுலகீது சாரின் கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தபோது அதில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்தது, 40 ஜிபி ஹார்டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. மகன் கார் ரேஸ் ஆடினான், மகள் சீட்டுக்கட்டு ஆடினாள், சார் காலையில் அதற்கு விபூதி வைத்தார். அது செத்த பிறகுதான் உள்ளே சரக்கு சேரத் தொடங்கியது. முதல் வருஷம், "பசங்க போட்டோ அதுல கீது" என்றார். அடுத்து வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன் காப்பி போய்ச் சேர்ந்தது. பிறகு பி.எஃப். கணக்கு, யூனியனுக்கு எழுதிய கடிதங்கள், யார் யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்தார் என்ற பட்டியல். கரண்டே இல்லாமல் இத்தனை கோப்புகளைச் சேமித்த இயந்திரம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு குடும்ப வழக்கின் ஆதாரமும் அதில் இருந்தது. மகளின் மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையில் மச்சான் பெயர் விட்டுப்போனது. தாய்மாமன் பெயர் இல்லாத மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை என்றால் சும்மாவா? மச்சான் சீர்த்தட்டோடு வந்தார், முறைத்தார், சாப்பிடாமல் போனார். அன்று முதல் சாரின் கட்சி ஒன்றே: "நான் பேர போட்டுத்தான் குடுத்தேன். பிரஸ்காரன் வுட்டுட்டான். ஒரிஜினல் அதுல கீது."

வாட்ஸ்அப்பில் ஒருநாள் வேல்ஸ் நாட்டுக்காரர் ஜேம்ஸ் ஹவல்ஸ் கதை வந்தது. 2013இல் அவருடைய பழைய ஹார்டிஸ்க் குப்பைக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்ததாம். நியூபோர்ட் நகரக் குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்து, கோர்ட்டுக்குப் போனார். 2025 ஜனவரியில் அவர் வழக்கைத் தள்ளிவிட்டார்கள். சார் செல்போனை வீட்டம்மாவிடம் நீட்டினார். "பாத்தியா? இதுக்குத்தான் தூக்கிப் போடக்கூடாதுன்றேன்."

"அந்த ஆளு குப்பைமேட்டுல தேடறாரு," என்றார் அந்த அம்மாள். "நீங்க குப்பைய வீட்டுல வச்சிக்கினு தேடவும் மாட்டேன்றீங்க."

உண்மையில் தேடாமலும் இல்லை. வைத்தியமெல்லாம் நடந்தது. யாரோ சொன்னார் என்று ஹார்டிஸ்க்கைக் கழற்றி, பாலிதீன் பையில் சுற்றி, ஃப்ரீசரில் காசிமேட்டு வஞ்சிரத்துக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி படுக்க வைத்தார். குளிரில் உலோகம் சுருங்கி, சிக்கியது விடும் என்பது பழைய நம்பிக்கை. வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் கோக்கும் என்பதை அந்த யாரோ சொல்லவில்லை. அந்தக் காலத்து ஹார்டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமுடித் தடிமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு உயரத்தில் மிதக்கிறது. அந்த இடுக்கில் ஈரமோ தூசியோ புகுந்தால் தட்டே கீறிப்போகும். சாரின் அதிர்ஷ்டம், அப்படி ஒன்றும் ஆகவில்லை. மீன் குழம்பில்தான் லேசாக பிளாஸ்டிக் வாடை என்று மகன் சொன்னான்.

கடைசியில் வீட்டம்மா ஒரு தேதி குறித்தார். "ஆதாரத்த எடுங்க, இல்லன்னா காயலான்." சார் ஆட்டோ பிடித்தார். 2021இல் மெட்ரோ வந்ததிலிருந்து தலைக்கு மேலே ரயில் ஓடுகிறது. கீழே கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கின்றன. அந்த நெரிசலில் சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, வீட்டம்மாவோடு சர்வீஸ் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"இன்னா நைனா, எதுனா சவுண்டு வருதா?" என்றான் கடைப் பையன்.

"சவுண்டு இல்லப்பா. அப்பப்ப எறக்கி ஸ்விட்ச் போட்டுப் பாக்கறேன், உயிர் கீதான்னு."

"டக் டக்னு வந்திருந்தா இந்நேரம் நீயே காரியம் முடிச்சிருப்ப நைனா. அந்த சவுண்டு வந்தா படிக்கிற முனை போச்சுன்னு அர்த்தம். அப்புறம் கரண்டே குடுக்கக் கூடாது."

முனை போனால் அதே மாடல் வேறொன்றிலிருந்து முனையைக் கழற்றி, தூசி புகாத அறையில் வைத்து மாற்ற வேண்டும். செலவு புது கம்ப்யூட்டர் விலையைத் தாண்டினாலும் தாண்டும். பையன் மூடியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருந்தன. இத்தனை வருஷமாகச் செத்துக் கிடந்தது போர்டுதான். ஹார்டிஸ்க் நன்றாகவே இருந்தது. தனி பவர் அடாப்டர் உள்ள கன்வர்ட்டர் ஒயரில் மாட்டியதும் சுற்ற ஆரம்பித்தது.

"நாப்பது ஜிபி தம்பி, அந்தக் காலத்துலயே!" என்று சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையனும் விடவில்லை. 1956இல் ஐபிஎம் விட்ட முதல் ஹார்டிஸ்க்கில் ஐம்பது தட்டு, ஒவ்வொன்றும் இரண்டடி அகலம், மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். ஆனால் அடங்கியது ஐந்து எம்பிகூட இல்லை என்றான். சாருக்கு ஹார்பர் ஞாபகம் வந்துவிட்டது. "அப்ப கிரேன் வச்சித்தான் எறக்கியிருப்பாங்க," என்று முடிவு கட்டினார்.

ஆனால் உள்ளே கோப்பு ஒன்றும் தெரியவில்லை. போர்டு போவதற்கு முந்தின வாரம், வைரஸ் எடுக்கிறேன் என்று அக்கா மகன் ஃபார்மெட் அடித்து வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. சார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பையன் அசரவில்லை. ரேஷன் கார்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டாரா என்ன? பட்டியலில் பெயர் போகும். இன்னொருவர் அங்கே குடிவரும் வரை ஆள் அங்கேதான் இருப்பார். ஹார்டிஸ்க்கில் அழித்ததும் அப்படித்தான். மேலே புதிதாக எதையும் எழுதாத வரை தோண்டி எடுக்கலாம். இப்போது வரும் எஸ்எஸ்டியில் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடையாது; அழித்த இடத்தை அது தானாகவே துடைத்துவிடும்.

பையன் முதலில் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு நகல் எடுத்து, அந்த நகலின் மேல் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டான். ராத்திரி முழுக்க ஓடி, ஆயிரக்கணக்கில் கோப்புகள் வந்து விழுந்தன. ஒன்றுக்கும் பழைய பெயர் இல்லை. எல்லாம் வெறும் எண். சார் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். மினுமினுக்கும் ‘குட் மார்னிங்’ ரோஜா. ஆர்குட்டில் யாரோ போட்ட பொம்மை. மகன் எடுத்த சொந்தக் கட்டை விரல். அதே கட்டை விரல் இன்னொரு கோணத்தில். பத்திரமும் இல்லை, பி.எஃப்.பும் இல்லை. வீட்டம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் அந்தப் பத்திரிகையின் பேஜ்மேக்கர் கோப்பு கிடைத்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்து கொட்டிக் கிடந்தன. "வைரஸு!" என்றார் சார். வைரஸ் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று அரசு தரம் குறித்தது. 2010இல் யூனிகோடை அரசு தரமாக ஏற்றது. நடுவில் அடித்த பத்திரிகைகளைப் படிக்க அதே எழுத்துரு வேண்டும். டிடிபி கடை ஒன்றின் பழைய சிடியில் அதுவும் கிடைத்தது.

எழுத்து தெளிந்தது. பிள்ளையார் சுழி இருந்தது. குலதெய்வம் இருந்தது. பெரியப்பா, சித்தப்பா, யூனியன் தலைவர், இரண்டு வார்டு பிரமுகர் இருந்தார்கள். தாய்மாமன் பெயர் இல்லை.

அம்மாள் ஒன்றும் பேசாமல் செல்போனில் அந்தத் திரையைப் படம் எடுத்து, தன் தம்பிக்கு அனுப்பிவிட்டார். சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"இது ஃபைனல் காப்பி இல்ல தம்பி. ஃபைனல் காப்பி ஆபீஸ் சிஸ்டத்துல அடிச்சேன். எல்லாம் அதுல கீது."

அதுலகீது சார்களைத் திருத்த முடியாது. திறக்காத வரைதான் அவர்களுக்கு அது பொக்கிஷம். நாம் செய்யக்கூடியது வேறு. உங்கள் பரணில் ஒன்று இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். டக் டக் என்றால் உடனே ஸ்விட்சை அணைத்துத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஓடினால் அன்றைக்கே இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். பத்திரிகை அடித்த கோப்பு கிடைத்தால் மட்டும், மச்சான் பெயர் இருக்கிறதா என்று முதலில் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.